தேடியவர் திருத்திய சொற்கள்: நேட்டால் கப்பல் பட்டியல் தேடலைச் சீரமைத்த ஒரு நிகழ்வு ஆய்வு

பாட்டனாரின் பெயரைத் தேடி வருபவர் முதல் முறை தட்டும் சொல்லைவிட, அது பலிக்காதபோது அழித்துவிட்டு இரண்டாம் முறை தட்டும் சொல்லே தேடுபொறியை அமைப்பவருக்கு அதிகம் கற்றுக்கொடுக்கிறது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள டர்பனில், பழைய கப்பல் பட்டியல்களில் முன்னோரைத் தேட உதவும் தளத்தை நடத்தும் எங்கள் சிறு தன்னார்வக் குழு இதை உணர்வதற்கு முன் ஒரு பெரிய தவறைச் செய்தது. அந்தத் தவறும், அதிலிருந்து மீண்ட வழியும், இன்றும் தீராமல் நிற்பவையும் இங்கே பதிவாகின்றன. குடும்ப ஆவணங்களையோ கோயில் ஏடுகளையோ கணினியில் ஏற்றித் தேட வசதி செய்ய முனையும் வேறு குழுக்களுக்கு இது பயன்பட வேண்டும் என்பதே எழுதியதன் நோக்கம்.

ஆவணங்களின் இயல்பு

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் முதல் கப்பல் 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து பெல்வெடேர் வந்தது. 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளராக நேட்டாலுக்கு வந்தவர்கள் 1,52,184 பேர்; அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் வரிசையாக ஓர் எண் வழங்கப்பட்டது. அந்த எண்ணோடு பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உடலில் உள்ள அடையாளம் ஆகியவை பட்டியலில் எழுதப்பட்டன. வழித்தோன்றல்கள் தேடுவது பெரும்பாலும் இந்த ஒரு வரியைத்தான். சிலருக்கு அது இந்தியத் தூதரகத்தில் விண்ணப்பிக்கத் தேவைப்படும் சான்று. பலருக்கு அது தங்கள் குடும்பத்துக்கு ஓர் ஊர் இருந்தது என்பதற்கான ஒரே எழுத்து.

சிக்கல் எழுத்துக்கூட்டலில் தொடங்குகிறது. சென்னைத் துறைமுகத்து எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதினார். டர்பனில் இருந்தவர் அதைப் பார்த்துப் படியெடுத்தார். தோட்ட முதலாளியின் கணக்கர் தமக்கு வாய்த்தபடி மீண்டும் எழுதினார். தமிழில் 'க' என்ற ஒரே எழுத்து இடத்துக்கேற்பப் பல ஒலி பெறுவதால், கந்தசாமி என்ற பெயர் கே, சி, ஜி ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளில் எதிலும் தொடங்கலாம். சின்னசாமி சி-யிலும் எஸ்-இலும் கிடைப்பார். லட்சுமியின் நடுவில் டி-யும் வரும், கே-யும் வரும்.

இத்தனைக்கும் மேலான சிக்கல் ஒன்றை நாங்கள் வெகுநாள் கவனிக்கவில்லை. கப்பலில் வந்தவருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று பெரும்பாலும் இருந்ததில்லை. அவருடைய பெயரும் அவருடைய தந்தையின் பெயரும் மட்டுமே இருந்தன. நேட்டாலில் பிறந்த பிள்ளைகளுக்கு அவருடைய பெயரோ சாதிப் பட்டமோ குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. ஆகவே இன்று டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வாழும் ஒருவர் தம் குடும்பப் பெயரைத் தட்டும்போது, உண்மையில் அவர் தட்டுவது நான்கு தலைமுறைக்கு முற்பட்ட ஒரு மனிதரை அவருடைய தாய் அழைத்த பெயரை. நாங்களோ 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டத்தைத் திரையில் வைத்து, அதைப் பட்டியலின் சாதிப் பட்டத்தோடு மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

முதல் முயற்சியும் அதன் விளைவும்

தொடக்கத்தில் தேடல், சொல் அப்படியே ஒத்துப்போனால் மட்டும் பதிவைக் காட்டியது. அது போதாது என்று தெரிந்ததும் சவுண்டெக்ஸ் முறையைச் சேர்த்தோம். அமெரிக்காவில் 1918-இல் காப்புரிமை பெற்ற இம்முறை, பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, அடுத்து வரும் மெய்யொலிகளை மூன்று எண்களாகச் சுருக்குகிறது. வீராசாமியும் முனுசாமியும் எத்தனை விதமாக எழுதப்பட்டாலும் பெரும்பாலும் ஒரே குறியீட்டில் அடங்கினார்கள். ஆனால் நேட்டாலின் கோவெண்டர் என்ற பெயர் ஜி-153 என்றும், அதனோடு வழக்கமாகச் சேர்த்துப் பேசப்படும் கவுண்டர் என்ற பெயர் ஜி-536 என்றும் பிரிந்தன. இன்னொரு குறையும் இருந்தது: முதல் எழுத்தை மாற்றவே கூடாது என்பது சவுண்டெக்ஸின் அடிப்படை. நம் பெயர்களில் முதலில் மாறுவதோ முதல் எழுத்துதான்.

அதன்பின், பயன்படுத்துவோரின் நடத்தையிலிருந்தே கற்கலாம் என்று முடிவு செய்தோம். ஒரு பெயருக்கு எந்தப் பதிவு அதிகம் திறக்கப்படுகிறதோ அதை மேலே கொண்டுவரும்படி நிரலை எழுதினோம். கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது.

சில மாதங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை, தமிழ் வகுப்பு நடக்கும் கூடத்துக்கு வயதான ஓர் ஆயா வந்தார். கையில் எங்கள் தளத்திலிருந்து அச்சிட்ட தாள் இருந்தது; அதை நெகிழித் தாளுறைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். "தம்பி, எங்க தாத்தா மொதக் கப்பல்லயே வந்தவரு. பேரப்பிள்ளைங்க எல்லாருக்கும் சொல்லிட்டேன்" என்றார். தாளில் இருந்தது ட்ரூரோவில் வந்த ஒருவரின் பதிவு. பெயரின் முற்பாதி மட்டுமே ஒத்திருந்தது. ஆயா தம் பையிலிருந்து பெற்றோரின் திருமணச் சான்றையும் எடுத்துக் காட்டினார். மடிப்புகளில் கிழிந்து, ஒட்டுத்தாள் மஞ்சளித்துப் போயிருந்த அந்தச் சான்றின் ஓரத்தில், அவருடைய தாத்தாவின் எண் ஆறு இலக்கத்தில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. எண்கள் வரிசையாக வழங்கப்பட்டவை. ஆறு இலக்க எண் உடைய ஒருவர் முதல் கப்பலில் வந்திருக்கவே முடியாது.

என்ன தேடப்பட்டது, எது திறக்கப்பட்டது என்று தளம் குறித்துவைத்த தேடல் பதிவுகளைத் திறந்து பார்த்தபோது காரணம் விளங்கியது. ட்ரூரோ என்ற பெயரை இங்குள்ள தமிழர் எல்லாரும் அறிவர். ஒரு தேடலில் எத்தனை பதிவுகள் வந்தாலும், ட்ரூரோ என்று எழுதியிருக்கும் வரியை மக்கள் ஆவலோடு திறந்து பார்க்கிறார்கள். தம்முடையவர் அதில் இருக்கமாட்டாரா என்ற ஆசைதான். திறக்கப்பட்டதால் அப்பதிவு மேலேறியது. மேலேறியதால் இன்னும் அதிகமாகத் திறக்கப்பட்டது. சில பெயர்களுக்கு அது முதலிடத்திலேயே நின்றுவிட்டது. சொடுக்கிப் பார்ப்பதையும் 'இவரே என்னுடையவர்' என்று ஏற்பதையும் நாங்கள் ஒன்றாக எண்ணிவிட்டோம். அந்த ஆயாவின் வீட்டில் ஒரு பொய்யான வரலாறு நுழைந்ததற்கு எங்கள் நிரல் காரணம். அன்று மாலையே அந்தப் பகுதியை நிறுத்தினோம்.

சொடுக்கு எதைச் சொல்கிறது

தகவல் தேடல் துறையில் இது பழைய பாடம். ஜெரார்ட் சால்டனின் ஸ்மார்ட் தேடல் அமைப்பில், 1960-களிலேயே ரோக்கியோ என்பவர் பயனரின் தீர்ப்பைத் தேடலுக்குள் கொண்டுவரும் வழியை வகுத்தார். பொருந்தும் என்று பயனர் குறித்த ஆவணங்களின் சொற்களைத் தேடலோடு சேர்ப்பதும், பொருந்தாதவற்றின் சொற்களைக் கழிப்பதும் அதன் சாரம். அங்கே பயனர் வாய்திறந்து தீர்ப்புச் சொல்கிறார். சொடுக்கோ ஊமைச் சாட்சி. 2002-இல் தார்ஸ்டன் ஜோவாகிம்ஸ் அதற்கு ஒரு வரம்பு கட்டினார். பயனர் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கிறார். முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதைத் திறந்தால், தாம் தாண்டிச் சென்ற இரண்டைவிட மூன்றாவதே மேல் என்று அவர் கருதியதாக மட்டுமே கொள்ளலாம். மூன்றாவது சரியானது என்று சொடுக்கு சொல்வதில்லை. 2005-இல் அவரும் உடன் ஆய்ந்தவர்களும் கண்ணசைவைப் பதிவுசெய்து நடத்திய சோதனையில், முதலிரண்டு முடிவுகளை இடம் மாற்றி வைத்தபோதும் பயனர்கள் முதலிடத்தில் இருந்ததையே அதிகம் திறந்தனர். இடத்துக்கே ஓர் ஈர்ப்பு உண்டு. நாங்கள் இடத்தின் ஈர்ப்பையும் ட்ரூரோ என்ற பெயரின் ஈர்ப்பையும் சேர்த்து எண்ணி, அதற்குப் 'பொருத்தம்' என்று பெயரிட்டிருந்தோம்.

இடத்தின் ஈர்ப்பை அளந்து கழிக்கக் கணித முறைகள் உள்ளன. ஆனால் அவை இயங்க ஏராளமான தேடல்கள் வேண்டும், எங்களிடம் அவ்வளவு இல்லை. ஆகவே எளிய வழியை எடுத்தோம். தேடலுக்கு ஒரே அளவில் பொருந்திச் சம மதிப்பெண் பெற்ற பதிவுகளை ஒவ்வொரு தேடலிலும் வரிசை மாற்றிக் காட்டினோம். பட்டியல் நிலையில் கப்பலின் பெயரைக் காட்டுவதை நிறுத்தி, அந்த இடத்தில் தந்தை பெயரையும் ஊரையும் வைத்தோம். கப்பல் பெயர் பதிவைத் திறந்த பிறகே தெரியும். இந்த இரண்டாவது மாற்றம் நிரலில் ஒரே வரி. எங்கள் வேலை முழுவதிலும் அதைவிடப் பயன் தந்த வரி வேறொன்று இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அழித்து எழுதிய சொற்கள்

இனி மையமான பகுதிக்கு வருகிறேன். தேடல் பதிவில் ஒவ்வோர் அமர்வுக்கும், அதாவது ஒருவர் தளத்துக்கு வந்து தொடர்ந்து தேடும் ஒவ்வொரு வருகைக்கும், தட்டிய சொல், காட்டப்பட்ட பதிவுகள், அவை நின்ற இடம், திறந்தவை, அடுத்துத் தட்டிய சொல் ஆகியவை இருந்தன. இவற்றில் நாங்கள் சொடுக்குகளை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தோம். இப்போது ஒரே அமர்வில் அடுத்தடுத்து வந்த தேடல்களை வரிசையாக அச்சிட்டு மேசையில் பரப்பி, தமிழ் நன்கறிந்த பெரியவர் ஒருவரையும் அருகில் அமர்த்திக்கொண்டு படித்தோம்.

ஒருவர் கிஸ்தனசாமி என்று தட்டுகிறார். தளம் காட்டிய எதையும் திறக்கவில்லை. அடுத்து கிருஷ்ணசாமி, இரண்டைத் திறந்து மூடுகிறார். அடுத்து கிட்ணசாமி. அப்போது ஒரு பதிவைத் திறந்து வெகுநேரம் அதிலேயே இருந்து, அச்சிட்டுவிட்டுப் போகிறார். இந்த மூன்று வரிகளைப் பார்த்த பெரியவர் உடனே, "கிட்ணன்னு சொல்றது எங்க வீட்டுப் பேச்சு, கிஸ்தனன் வெள்ளைக்காரன் எழுத்து" என்றார். எந்தப் பொது ஒலியியல் நிரலும் இதைத் தராது. கிருஷ்ணசாமியும் கிஸ்தனசாமியும் சவுண்டெக்ஸில் ஒன்று கே-625, மற்றது கே-235. ஆனால் தேடியவருக்கு அவை ஒரே பெயர் என்று தெரியும். தம் குடும்ப நினைவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்த்திருக்கிறார். பலிக்காத தேடல்களின் வரிசை என்பது ஒரு சமூகம் தன் பெயர்களை எவ்வெவ்வாறு சொல்லிவந்தது என்பதன் பதிவேடாகவே இருந்தது.

இதிலிருந்து ஒரு நடைமுறை உருவானது. ஒரே அமர்வில் முன்னும் பின்னும் வந்த இரு சொற்களில், முன்னது வெறுங்கையோடு முடிந்து, பின்னது ஒரு பதிவை அச்சிடுவதிலோ சேமிப்பதிலோ முடிந்தால், அவ்விரண்டும் ஓர் இணை. ஒரே இணை தொடர்பில்லாத பல அமர்வுகளில் வந்தால் மட்டுமே பரிசீலிப்போம். ஒரே குடும்பத்தின் ஐந்து பேர் ஒரே மாலையில் தேடுவது ஐந்து சான்றுகள் ஆகாது. பரிசீலனைக்கு வந்த இணையைத் தமிழறிந்த இருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அது தளத்தின் பெயர் அகராதியில் ஏறும். ஏறும்போதும் தனிப் பெயராக ஏறாமல், இயன்றவரை விதியாக ஏறும். சகரத்துக்கு சி, எஸ் இரண்டும் ஒன்று. நீண்ட உகரத்துக்கு இரட்டை ஓ-வும் யு-வும் ஒன்று. சாமி, ஸ்வாமி, சம்மி மூன்றும் ஒன்று. விதியாகும்போது, இதுவரை எவரும் தேடாத பெயருக்கும் அதன் பயன் சென்றுசேர்கிறது.

எல்லா இணையும் எழுத்துக்கூட்டல் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். முனியம்மாவைத் தேடிவிட்டு அடுத்து மாரியப்பனைத் தேடுபவர் பெயரைத் திருத்தவில்லை. மனைவியை விட்டுக் கணவரிடம் போகிறார். இதை நிரல் பிரித்தறியாது. ஆகவேதான் மனிதப் பார்வையை நாங்கள் கைவிடவில்லை. மாதத்துக்கு ஒரு மாலை அதற்காகவே உட்காருகிறோம்.

தமிழ் எழுத்தில் தட்டுபவர்களிடம் வேறொரு தடை இருந்தது. 'கொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை, கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொது முறையான யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. கொண்டம்மா என்று தமிழில் தட்டியவர் பலமுறை வெறுந்திரையைப் பார்த்திருக்கிறார். இரு வடிவங்களையும் ஒன்றாக்கும் யூனிகோடின் இயல்பாக்க விதியை, தட்டிய சொல்லிலும் பட்டியலிலும் பயன்படுத்தியதும் அது தீர்ந்தது.

ஆண்டுகளைப் பற்றியும் தேடல் பதிவுகள் ஒன்று கற்பித்தன. 1870-இல் வந்தவர் என்று பலர் உறுதியாகத் தேடியிருந்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. 1866-க்கும் 1874-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கப்பல்கள் வரவே இல்லை. குடும்ப நினைவில் ஆண்டு வட்டமான எண்ணாகத் தங்கிவிடுகிறது. ஆண்டை வடிகட்டியாக வைத்திருந்ததை மாற்றி, நெருங்க நெருங்கச் சற்று அதிக மதிப்பெண் தரும் குறிப்பாக மட்டும் வைத்தோம். பயணிக்கு வழங்கப்பட்ட எண்ணைத் தட்டினால் இந்த நெகிழ்வு எதுவும் கிடையாது. அந்த எண்ணுக்குரிய பதிவு மட்டுமே வரும்.

கேள்வியை மாற்றியது

பதிவுகளின் கீழே 'இது பயனுள்ளதாக இருந்ததா' என்று கேட்டு, ஆம், இல்லை என இரு பொத்தான்களை வைத்திருந்தோம். வந்த விடைகளைக் கொண்டு எதுவும் செய்ய முடியவில்லை. தம் தாத்தா கிடைக்காவிட்டாலும், தளத்தின் மீதுள்ள மரியாதையில் 'ஆம்' என்று அழுத்தியவர்கள் பலர். இப்போது கேட்பது வேறு: 'நீங்கள் தேடியவர் இவர்தானா? எதைக் கொண்டு உறுதி செய்தீர்கள்?' தந்தை பெயர், ஊர், எண், கப்பல், வேலை செய்த தோட்டம், வீட்டுத் தாள் என்று தேர்ந்தெடுக்க விடைகள் முன்னால் நிற்கும்.

பதிவுகளை வரிசைப்படுத்த ஒவ்வொரு விவரத்துக்கும் நாங்கள் தந்திருந்த எடைகளையே விடைகள் புரட்டிப்போட்டன. உறுதி செய்தவர்கள் பெரும்பாலும் தந்தை பெயரையும் ஊரையும் சொன்னார்கள். சாதிப் பட்டத்தைச் சொன்னவர் அரிது. அதற்கேற்பத் தந்தை பெயரின் எடையைக் கூட்டினோம். 'குடும்பப் பெயர்' கட்டத்தில் தட்டியதைப் பயணியின் பெயரிலும் தேடும்படி மாற்றினோம். உறுதி செய்யப்பட்ட விடை ஒன்று, நூறு சொடுக்குகளைவிட மதிப்புடையது என்ற முடிவுக்கு நான் வந்தேன். இன்றும் அதில் மாற்றமில்லை.

ரோக்கியோ முறையையும் சோதித்தோம். ஒருவர் பொருந்தும் என்று குறித்த பதிவின் சொற்கள் தேடலில் சேர்ந்ததும், வட ஆற்காடு என்ற சொல்லும் அதனுடன் சேர்ந்தது. நேட்டாலுக்கு ஆட்கள் திரட்டப்பட்ட முக்கிய மாவட்டங்களில் அதுவும் ஒன்று. ஆகவே அந்தச் சொல் தேடலை வழிதவறச் செய்து, முகம் தெரியாத நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுவந்து நிறுத்தியது. அதிகம் வரும் சொல்லுக்கு எடையைக் குறைக்கும் முறையை 1972-இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் வகுத்தது இத்தகைய இடங்களுக்காகத்தான். மாவட்டப் பெயர் தேய்ந்து, ஊர்ப்பெயர் ஓங்கும். அவ்வாறு திருத்தியபின் எதிர்பாராத பயன் ஒன்று தெரிந்தது: ஒரே ஊரிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள் அருகருகே வந்தார்கள். அண்ணன் தம்பிகள், மாமன் மச்சான்கள் அவர்களில் இருக்கக்கூடும். இதைத் தேடலில் கலக்காமல், 'இவருடன் இதே ஊரிலிருந்து வந்தவர்கள்' என்று தனிப் பொத்தானாக்கினோம்.

அளந்து பார்த்த விதம்

மேம்பட்டதா என்பதை எங்கள் மனநிறைவைக் கொண்டு முடிவு செய்ய விரும்பவில்லை. இங்கிலாந்தில் கிரான்பீல்டில் சிரில் கிளெவர்டன் 1960-களில் நடத்திய சோதனை இதற்கு முன்மாதிரி. 1,400 ஆவணங்களும் 225 கேள்விகளும், எது எதற்குப் பொருந்தும் என்ற தீர்ப்புகளும் கொண்ட அத்தொகுப்பு இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது. நாங்கள் உறுதி செய்யப்பட்ட பழைய தேடல்களையே கேள்விகளாக்கினோம். சரியான பதிவு முதலிடத்தில் வந்தால் 1, இரண்டாமிடத்தில் 0.5, நான்காமிடத்தில் 0.25, வராவிட்டால் 0. இந்த நான்கும் நிகழ்ந்தால் சராசரி 0.4375. இந்தச் சராசரி உயராமல் எந்த மாற்றத்தையும் தளத்தில் ஏற்றுவதில்லை. ஒரு எச்சரிக்கை: முற்பட்ட மாதங்களிலிருந்து கற்று, பிற்பட்ட மாதங்களில்தான் சோதிக்க வேண்டும், ஒரே குடும்பத்தின் தேடல்கள் இரு பக்கமும் சிதறினால், விடையைப் பார்த்து எழுதிய தேர்வாகிவிடும்.

பதிவேட்டின் மீதுள்ள பொறுப்பு

2006 ஆகஸ்டில் ஏஓஎல் என்னும் அமெரிக்க இணைய நிறுவனம், பெயர்களை நீக்கி எண்களாக்கிய ஏறத்தாழ 6,50,000 பயனர்களின் தேடல்களை ஆய்வுக்கென வெளியிட்டது. சில நாட்களிலேயே, தேடிய சொற்களை மட்டும் கொண்டு ஒரு பெண்மணியை நாளிதழ் ஒன்று அடையாளம் கண்டுவிட்டது. எங்கள் தேடல் பதிவேடு அதைவிட நுண்மையானது, ஏனெனில் இங்கே தேடப்படுவதே குடும்பம். ஒருவர் தம் பாட்டனாரின் சாதியைத் தேடினார் என்பது அண்டை வீட்டுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆகவே இணைகளை எடுத்த உடனே அமர்வுக் குறியீட்டை அழிக்கிறோம்; ஒரே ஒருவர் மட்டும் தட்டிய சொல்லைச் சேமிப்பதில்லை; பதிவு செய்கிறோம் என்பதைத் திரையிலேயே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறோம். மாதந்தோறும் உட்காரும் மாலைகளில் மேசையில் பரப்பும் தாள்கள் கூட்டம் முடியும் முன்பே கிழிக்கப்படுகின்றன. இதனால் கற்கும் வேகம் குறைகிறது. அந்த விலையைத் தெரிந்தே கொடுக்கிறோம்.

இன்று நிற்கும் இடம்

அந்த ஆயா கூடத்துக்கு வந்த அன்றே அவருடைய தாத்தாவை எண்ணைக் கொண்டு கண்டுபிடித்திருக்கலாம்; சான்று அவர் கையிலேயே இருந்தது. நாங்கள் கேட்கவில்லை, தளமும் கேட்கவில்லை. இப்போது தேடல் பக்கத்தின் முதல் கேள்வி, 'வீட்டில் பழைய தாள் ஏதேனும் உண்டா? அதில் எண் இருக்கிறதா?' என்பதுதான். சரியான பதிவை அச்சிட்டு அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஊரின் பெயரை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்; முதல் கப்பலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பலிக்காத தேடல்களின் பட்டியல் இன்னும் நீளமாகவே இருக்கிறது. அதை வாசிக்க வாசிக்க ஒன்று துலங்குகிறது: மீதமுள்ளவற்றில் பல, தேடலின் பிழையே அல்ல. டோங்காட்டிலும் வெருலத்திலும் கரும்புத் தோட்டக் குடியிருப்புகளில் பிறந்த பெண்களின் பெயர்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன; அவர்கள் கப்பலில் வந்தவர்கள் அல்லர், எனவே எந்தக் கப்பல் பட்டியலிலும் இருக்கமாட்டார்கள். எடைகளை எவ்வளவு திருத்தினாலும் அவர்கள் கிடைக்கப்போவதில்லை. அவர்களுடைய பெயர்கள் திருமணச் சான்றுகளிலும் பிறப்புப் பதிவுகளிலும் உள்ளன. அவற்றைத் தட்டச்சு செய்யும் வேலையை, எந்தப் பெயர்கள் அதிகம் தேடப்பட்டுக் கிடைக்காமல் போயினவோ அந்த வட்டாரங்களிலிருந்து தொடங்கியிருக்கிறோம்; டோங்காட் முதலில்.